நூலும் வளையமும்



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் மூன்று வாரமாக என் மேசையில் இருக்கிறது. நான்கு பக்கக் கடிதம். அதில் மூன்றரைப் பக்கம் மகனைப் பற்றிய முறைப்பாடு. பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. ஓதுவதிலும் படிப்பதிலும் குறையில்லை. ஆனால் அஸர் தொழுகை முடிந்ததும் வயலோரம் போய்விடுகிறான். கண்ணி வைத்துச் சிறு குருவிகளைப் பிடிக்கிறான். கொல்வதில்லை, கூட்டில் அடைப்பதுமில்லை. உம்மாவின் தையல் பெட்டியில் இருந்து எடுத்த சிவப்பு நூலை அதன் காலில் கட்டிப் பறக்க விடுகிறான். மறுநாள் அதே குருவி அதே இடத்துக்கு வருகிறதா என்று காத்திருந்து பார்க்கிறான்.

ஒரு நாள் காலையில் வேலிப் பக்கம் போன அந்தத் தாய், முட்கிளையில் சிவப்பு நூல் சிக்கி, தலைகீழாகத் தொங்கியபடி இறந்து கிடந்த ஒரு குருவியைக் கண்டார். கோபத்தில் மகனை அடித்துவிட்டார். அழுது முடித்த பிள்ளை இப்படிக் கேட்டிருக்கிறான்: "உம்மா, டீவியில காட்டினாங்களே, வெள்ளக்காரனும் குருவியப் பிடிச்சுக் காலில வளையம் போடுறான். அவன் செஞ்சா அறிவு, நான் செஞ்சாப் பாவமா?"

"எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை மௌலவி. நீங்கள் எழுதுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

"பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்காதே" என்று ஒரே வரியில் நான் பதில் எழுதியிருக்கலாம். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், அந்த ஒரு வரி எத்தனை பிள்ளைகளின் வாயை மூடியிருக்கிறது என்பதை நான் அறிவேன். வாயை மூடிய பிள்ளை யோசிப்பதை நிறுத்துவதில்லை, நம்மிடம் கேட்பதைத்தான் நிறுத்திவிடுகிறது. ஆகவே இந்த விடயத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடி வாசித்தேன். வாசித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், இந்த வளையத்தின் கதை. இதை முறையாகத் தொடங்கி வைத்தவர் ஒரு பாடசாலை ஆசிரியர். டென்மார்க் நாட்டில் வீபோர்க் என்ற ஊரில் இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன். அவர் முதலில் துத்தநாகத்தில் வளையம் செய்து பார்த்தார். அது பறவைக்குப் பாரமாக இருந்தது. அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் பொறுத்தார். பிறகு 1899ஆம் ஆண்டில் மெல்லிய அலுமினியத்தில் வளையம் செய்து, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கத்தையும் தன் ஊரின் பெயரையும் பொறித்து, சோளப்பட்சிகளின் காலில் இட்டார். அந்தப் பறவையை எங்கேயாவது ஒருவர் கண்டெடுத்தால் அவருக்குக் கடிதம் எழுதலாம். பறவை எங்கே போகிறது என்ற ஆயிரமாண்டுக் கேள்விக்கு அப்படித்தான் ஒவ்வொரு கடிதமாகப் பதில் வரத் தொடங்கியது.

1911ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் கூடு கட்டியிருந்த தகைவிலான் குருவிக்கு இவ்வாறு வளையம் இட்டார்கள். 1912 டிசம்பரில் அது தென்னாபிரிக்காவின் நேட்டாலில் பிடிபட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு குருவி ஆபிரிக்காக் கண்டத்தின் மறு முனை வரை போய் வருகிறது என்பதற்கு அந்தச் சிறு உலோகத் துண்டு சாட்சி சொன்னது.

இனி, மகனுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரு பெரிய கதைக்கு வருகிறேன். இது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் டெலவெயார் குடாவில் நடப்பது. அங்கே மே மாதம் வசந்த காலம். தெற்கே இருந்து வடக்கே போகும் பறவைகள் இறங்கும் பருவம். அவற்றில் ஒன்று ரெட் நொட் என்ற கரையோரப் பறவை. நம் களப்புகளில் உள்ளான் என்று சொல்லும் இனத்தோடு சேர்ந்தது. வசந்தத்தில் அதன் மார்பு செங்கல் நிறமாகிவிடும். நாம் அதைச் செம்மார்பு உள்ளான் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த உள்ளான்களில் ஒரு பகுதி தென் அமெரிக்காவின் கடைசி முனையான தியெரா தெல் ஃபுவேகோவில் சில மாதங்கள் தங்குகிறது. பிறகு முட்டையிடுவதற்காகக் கனடாவின் பனிப் பிரதேசத்துக்குப் போகிறது. ஒரு வழிப் பயணம் ஏறத்தாழ 15,000 கிலோ மீற்றர். போய்த் திரும்பினால் அதன் இரு மடங்கு. ஒவ்வொரு வருடமும் இதுதான் அதன் வாழ்க்கை. 2009இல் டெலவெயார் குடாவில் சில பறவைகளின் காலில் ஒளியை அளக்கும் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். அவற்றில் ஒன்று ஆறு நாட்கள் எங்குமே இறங்காமல் ஏறத்தாழ 8,000 கிலோ மீற்றர் பறந்திருந்தது பிறகு தெரியவந்தது. ஆறு நாள் உணவில்லை, உறக்கத்துக்கு ஒரு கிளையில்லை.

இப்படிப் பறந்து வந்து இறங்கும்போது அதன் நிலை என்ன? நீண்ட பயணத்துக்கு முன்பே அதன் இரைப்பை சுருங்கிவிடுகிறது. வழமையாகத் தின்னும் ஓட்டுச் சிப்பிகளை அரைக்க அப்போது அதனால் முடியாது. பிரசவித்த பெண்ணுக்கு நாம் எப்படி மெதுவான உணவு பார்த்துக் கொடுக்கிறோமோ, அப்படி மென்மையான உணவு வேண்டும். அது டெலவெயார் குடாவின் மணலில் காத்திருக்கிறது. குதிரை லாட நண்டின் முட்டைகள்.

குதிரை லாட நண்டு என்பது பெயரளவில்தான் நண்டு. கவிழ்த்து வைத்த சட்டி போன்ற ஓடும், நீண்ட வாலும் கொண்ட கடற்பிராணி. மே, ஜூன் மாதங்களில், அமாவாசை பௌர்ணமி நாட்களை ஒட்டி, கடல் ஏறும் இரவுகளில் அவை ஆயிரக்கணக்கில் கரைக்கு வருகின்றன. ஒரு பெண் நண்டு ஒரு குழியில் ஏறத்தாழ 4,000 முட்டைகள் இடுகிறது. பிறகு வரும் நண்டு அதே இடத்தைத் தோண்டுகிறது, அலையும் கிளறுகிறது. அப்போது மேலே வந்துவிடும் முட்டைகள் வெயிலில் காய்ந்து போகிறவைதான். உள்ளான் தின்பது அவற்றைத்தான். நிறைந்த பானையிலிருந்து வழிவதுதான் அதன் பங்கு. பானை நிறையாவிட்டால் வழியவும் மாட்டாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1997 முதல் இந்தக் கரையில் ஒவ்வொரு மே மாதமும் பல நாட்டு ஆய்வாளர்களும் தொண்டர்களும் கூடி வளையமிடுகிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன், மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அகன்ற வலையை மடித்து மணலில் ஒழுங்காக வைக்கிறார்கள். பறவைகள் அதன் முன்னால் வந்து மேயும் வரை மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வலையின் பாதையில் ஒரு பறவை நின்றாலும், அதற்கு அடிபடும் என்று தோன்றினாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். இடம் சரியானதும் சிறு பீரங்கிகள் வலையைத் தூக்கி வீசுகின்றன. உடனே எல்லோரும் ஓடிப்போய் வலைமீது மெல்லிய துணியைப் போர்த்துகிறார்கள். இருட்டானால் பறவை அமைதியாகும். ஒவ்வொன்றாக எடுத்து நிழலில் வைக்கிறார்கள்.

பிறகு ஒரு வரிசை. ஒருவர் காலில் இலக்கமிட்ட உலோக வளையத்தை இடுகிறார். இன்னொருவர் தொடைப் பகுதியில் நிறமுள்ள சிறு கொடி போன்ற பட்டியை இடுகிறார். அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். அமெரிக்காவில் இட்டால் இளம் பச்சை, ஆர்ஜென்டீனாவில் செம்மஞ்சள், சிலியில் சிவப்பு, பிரேஸிலில் நீலம். தொலைநோக்கியால் பார்த்தே எந்த நாட்டில் இட்டது, எந்தப் பறவை என்று வாசித்துவிடலாம். மறுபடி பிடிக்கத் தேவையில்லை. ஒருவர் அலகை அளக்கிறார். கடைசியாக ஒருவர் நிறுக்கிறார். ஒருவர் கொப்பியில் எழுதுகிறார். பறவை பறந்து போகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது அந்த நிறுவைதான். நம் கிளினிக்கில் மிட்வைஃப் குழந்தையை நிறுத்து அட்டையில் புள்ளி வைப்பார் அல்லவா? கோடு மேலே போனால் உம்மாவின் முகம் மலரும், கீழே இறங்கினால் அன்றிரவு தூக்கமிராது. அதே கணக்குத்தான். குடாவில் வந்திறங்கும் உள்ளான் நூற்றுச் சொச்சம் கிராம்தான் இருக்கும், சில நூறிலும் குறைவு. சரியாகச் சொன்னால் இரண்டு கோழி முட்டையின் பாரம். அங்கிருந்து வடக்கே போய், பனி உருகாத மண்ணில் இறங்கி, முட்டையிட்டுப் பிழைக்க வேண்டுமானால் அது 180 கிராம் வரை வர வேண்டும். மூன்று முட்டையின் பாரம். அதற்கு இருப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். இரண்டு முட்டைக்கும் மூன்று முட்டைக்கும் இடையில் இருக்கிறது அந்த உயிர்.

1990களில் அந்தக் கரையில் என்ன நடந்தது தெரியுமா? விலாங்கு மீனுக்கும் கடல் நத்தைக்கும் இரை வைக்கக் குதிரை லாட நண்டு நல்லது என்று கண்டு, அதை லொறி லொறியாக அள்ளினார்கள். முட்டை சுமந்த பெண் நண்டுக்குத்தான் கிராக்கி. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கிழக்குக் கரை முழுவதும் ஒரு வருடத்தில் பிடிபட்டவை இருபது இலட்சத்தைத் தாண்டின. ஒரு பெண் நண்டு முட்டையிடும் பருவத்தை அடைய ஒன்பது பத்து வருடங்கள் செல்லும். அள்ளுவதற்கோ ஓர் இரவு போதும்.

அள்ளியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். கடலில் குறைவா இருக்கிறது என்று நினைத்தார்கள். நண்டுக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் கண்டவர் யார்? கொப்பியில் எழுதி வந்தவர்கள்தான் கண்டார்கள். மே மாத இறுதியில் 180 கிராமை எட்டும் பறவைகள் வருடா வருடம் குறைந்தன. எடை குறைவாகப் போன பறவைகளின் கொடிகள் அடுத்த வருடங்களில் அதிகம் கண்ணில் படவில்லை. 2004இல் வெளிவந்த ஆய்வு கணக்கைச் சொன்னது. 1990களின் நடுப்பகுதியில் வளர்ந்த பறவைகள் நூற்றில் ஏறத்தாழ 85 மறு வருடம் உயிரோடிருந்தன. சில வருடங்களில் அது 56 ஆக இறங்கியது. 1982இல் குடாவில் எண்ணப்பட்டவை தொண்ணூறாயிரத்துக்கும் மேல். 2021இல் எண்ணியபோது ஏழாயிரமும் இல்லை.

இந்தக் கணக்கு இல்லாமல் ஒரு மீனவரிடம் போய் "நண்டு பிடிக்காதே" என்றால் அவர் கேட்பாரா? கேட்க வேண்டியதுமில்லை. கணக்கு இருந்ததால் நியூ ஜேர்சி மாநிலம் 2008இல் நண்டு பிடிப்பதைச் சட்டத்தால் நிறுத்தியது. 2013 தொடக்கம் இந்தக் குடாவின் பெண் நண்டுகளை இரைக்காகப் பிடிக்க அனுமதி தரப்படவில்லை. இரையைப் பையிலிட்டு வைத்தால் குறைந்த நண்டு போதும் என்பதையும் கண்டுகொண்டார்கள். ஒரு தேங்காயை இரண்டு கறிக்குப் பிரித்து வைக்கத் தெரிந்த உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. 2014 டிசம்பரில் இந்த உள்ளான் அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அமெரிக்கச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அது இன்னும் பழைய தொகைக்குத் திரும்பவில்லை. ஆனால் அது ஏன் குறைந்தது என்பது இன்று தெரியும்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. குதிரை லாட நண்டின் இரத்தம் நீல நிறம். ஊசி மருந்திலும் தடுப்பூசியிலும் கிருமி நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க அந்த இரத்தத்தில் செய்யும் பொருள் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1977 முதல் இதற்கு அங்கீகாரம் உண்டு. இரத்தம் எடுத்தபின் நண்டைக் கடலில் விடுகிறார்கள், ஆனாலும் ஒரு பகுதி இறந்துபோகிறது. உங்கள் பிள்ளைக்குப் போட்ட ஊசிக்குப் பின்னாலும் அந்தக் கடலின் ஒரு பிராணி இருந்திருக்கக்கூடும். ஆய்வுகூடத்திலேயே செய்யும் மாற்றுப் பொருளை அமெரிக்க மருந்துத் தர அமைப்பு 2024இல் ஏற்றுக்கொண்டது. அதுவும் நல்ல செய்திதான்.

வளையமிட்ட பறவைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1995இல் தியெரா தெல் ஃபுவேகோவில் ஓர் உள்ளானுக்கு வளையமிட்டார்கள். பின்னர் 2001இல் அதே பறவை மீண்டும் பிடிபட்டபோது பி 95 என்று எழுதிய கொடியை இட்டார்கள். பாட்ரிசியா கொன்ஸாலஸ் என்ற ஆர்ஜென்டீனாப் பெண் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதைத் தெற்கிலும் வடக்கிலும் வருடக்கணக்காகக் கண்டார்கள். 2014 மே மாதத்திலும் அது டெலவெயார் குடாவில் மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் அது பறந்த தூரம் பூமியிலிருந்து நிலவுக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வரும் தூரத்தையும் கடந்துவிட்டது என்று கணக்கிட்டு, அதற்கு நிலாப் பறவை என்று பெயர் வைத்தார்கள். காலில் அந்தக் கொடி இல்லாவிட்டால் ஆயிரத்தில் ஒன்றாக அதுவும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

சகோதரியே, இப்போது உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். அவன் செய்தால் அறிவு, நான் செய்தால் பாவமா?

வெள்ளைக்காரன் செய்கிறான் என்பதால் ஒரு செயல் அறிவாகிவிடாது என்பதை முதலில் சொல்லுங்கள். அவர்களும் தவறியிருக்கிறார்கள். பென்குவின் பறவைக்குக் காலில் வளையம் பொருந்தாது என்று அதன் இறக்கையில் பட்டி இட்டார்கள். பத்து வருடம் பார்த்துவிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வு, பட்டி இட்டவை இடாதவற்றைவிட 39 சதவீதம் குறைவாகவே குஞ்சு பொரித்தன என்றது. அவற்றில் இறந்தவையும் அதிகம். பறவையைப் படிக்கப் போனவர்கள் பறவையையே வருத்தியிருக்கிறார்கள். ஆனால் அதைக் கணக்கெடுத்துக் கண்டுபிடித்ததும், உலகுக்குச் சொன்னதும் ஆய்வாளர்கள்தான். தன் தவறைத் தானே எண்ணிப் பார்ப்பதை நாம் முஹாஸபா என்கிறோம். நூல் கட்டிய பிள்ளையிடமும் நாம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

இரண்டாவது, அந்த வளையம் காலில் சுழலும், இறுக்காது, எதிலும் சிக்காது. பறவையின் காலுக்கு ஏற்ற அளவில் செய்தது. அதை இடுகிறவர் வருடக்கணக்கில் பயிற்சி பெற்று, அனுமதிப் பத்திரம் பெற்றவர். நூலோ நனைந்தால் இறுகும், முள்ளில் மாட்டும். மோர்டென்சன் கூடத் துத்தநாகம் பாரம் என்று கண்டதும் நிறுத்தினார் என்பதை நினைவுபடுத்துங்கள். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டிலிருந்தே வனஜீவிகளைக் காக்கும் சட்டம் இருக்கிறது. அநேகமாக எல்லாப் பறவைகளும் அதன் பாதுகாப்பில் உள்ளவை. கண்ணி வைப்பது வெறும் குறும்பு என்று அவன் நினைக்கக்கூடாது.

மூன்றாவது, வளையத்தில் ஓர் இலக்கம் இருக்கிறது, அதற்குரிய பதிவு இருக்கிறது. அதை யாரும் கேட்கலாம், யாரும் பயன்படுத்தலாம். பறவையைச் சற்று நேரம் வருத்தியதற்கு ஈடாக அதன் இனத்துக்கே ஒரு நன்மை போய்ச் சேர வேண்டும். பிடித்தவன் பார்த்து மகிழ்வதோடு முடிந்துவிட்டால் அது விளையாட்டு. குஞ்சைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப் பறவைக்காக நபி (ஸல்) அவர்கள் பரிந்து பேசிய சம்பவம் உங்களுக்குத் தெரியும். அந்த உம்மத்தில் பிறந்த பிள்ளைக்கு ஓர் உயிரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் காரணம் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் மகனின் கை தவறியது, ஆனால் அவனுடைய கேள்வி தவறவில்லை. அதே குருவி மறுபடி வருகிறதா என்று அவன் கேட்டானே, டென்மார்க் ஆசிரியர் கேட்டதும் அதுதான். அந்தக் கேள்வியை அடித்து அணைத்துவிடாதீர்கள். இறந்த குருவியைப் பற்றி அவனோடு அமைதியாகப் பேசுங்கள். மீதி நூல் கட்டிய குருவிகள் ஏதும் கண்ணில் பட்டு, கைக்கு எட்டினால், நூலை வெட்டிவிட அவனுக்கே உதவுங்கள். கண்ணிகளை அவன் கையாலேயே பிரித்துப் போடட்டும்.

பிறகு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். திகதி, நேரம், இடம், பறவை, எத்தனை என்று ஐந்து கோடு போட்டுக் கொடுங்கள். அஸருக்குப் பிறகு போய்ப் பார்த்து எழுதட்டும், தொடாமல். நம் களப்புகளுக்கும் வருடா வருடம் வடக்கிலிருந்து பறவைகள் வந்து, பங்குனி சித்திரையில் திரும்பிப் போகின்றன. எந்த நாளில் கடைசியாகக் கண்டான் என்று எழுதினாலே அது ஒரு கணக்கு. பூந்தல, மன்னார்ப் பக்கங்களில் பயிற்சி பெற்றவர்கள் பறவைகளுக்கு வளையமிட்டும் இருக்கிறார்கள். என்றாவது அவன் காலில் வளையமுள்ள பறவையைக் கண்டால், உயிரோடிருந்தால் வளையத்தைக் கழற்றாமல் நிறத்தையும் எழுத்தையும் வாசித்து, இறந்திருந்தால் இலக்கத்தைப் பிசகில்லாமல் எழுதி, திகதியும் இடமும் சேர்த்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். எங்கோ ஒருவர் அந்த இலக்கத்துக்காகக் காத்திருப்பார்.

அடி வாங்கிய பிள்ளை உங்களோடு பேசாமல் இருக்கலாம். கொப்பியை நீங்களே முதலில் திறந்து, வீட்டுக் கூரையில் வந்திருக்கும் காகத்தில் இருந்து தொடங்கி ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது வரியை அவன் எழுதுவான், இன்ஷா அல்லாஹ். எழுதினால் எனக்கும் அறியத் தாருங்கள்.

வஸ்ஸலாம்.